வீட்டு வண்டிக்கு நான் ஊற்றிய மருந்து

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் போனில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, டீசல்ல அடிட்டிவ் ஊத்தலாமா, கூடாதா?" மேகமலைக்கும் மூணாறுக்கும் கட்டில், அடுப்போடு போகிற மோட்டார் ஹோம் வண்டிகள் நம் பக்கம் வரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியும் கூடிப்போய்விட்டது. ஊற்று என்றோ ஊற்றாதே என்றோ ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிடலாம். ஆனால் அப்படி ஒரு ஒற்றை வார்த்தையை நம்பித்தான் நான் ஒரு தகப்பனை அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவிடாமல் செய்யப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

பழனிசெட்டிபட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் டீசல் எஞ்சின் பம்ப், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் ரிப்பேர் வேலை பார்த்தவன் நான். கம்பம்மெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற ஜீப்புகள்தான் ஆரம்பத்தில் எனக்குச் சோறு போட்டவை. அந்த டிரைவர்கள் மலை ஏறும் முன் இரண்டு காரியம் செய்வார்கள். முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எஞ்சின் நன்றாக இழுக்கும் என்று நம்பி டேங்கில் ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊற்றுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மருந்து. பழைய பம்புகள் எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு ஓடும். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால்கூட முகம் சுளிக்காது. ஆகவே மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

நாளடைவில் அது என் கடையின் வழக்கமாகிவிட்டது. மலை ஏறப்போகிற வண்டி என்று தெரிந்தால் வேலை முடிந்ததும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றிவிடுவேன். கேட்டு ஊற்றுவதில்லை. பில்லில் எழுதுவதுமில்லை. வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற மாதிரி அது ஒரு உபசாரம். நான் அதில் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி ஆரோக்கியமேரி அம்மாவைப் பற்றி. ஜெயமங்கலத்துக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் சவரிமுத்து லாரி ஓட்டியவர். லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. படுத்துத்தான் இருக்க வேண்டும். இந்தியா முழுக்க லாரியில் சுற்றிய மனிதர் ஒரே அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை அந்த அம்மாவால் பார்க்க முடியவில்லை. ஓய்வூதியப் பணம் வந்ததும் பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டுகிறவர்களிடம் கொடுத்து, சீட்டுகளைக் கழற்றி, நீளமான கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீட்டு வண்டியாக்கினார். ஓட்ட ஆள் வைக்கவில்லை. அந்த வயதில் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் படுத்தபடி கணவர் சொல்லுவார், முன்னால் இவர் ஓட்டுவார். கட்டிலை ஒட்டிப் பெரிய ஜன்னல் ஒன்று. அதன் வழியாக சவரிமுத்து மறுபடியும் ஊர் பார்த்தார்.

இப்படி ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு அப்போதே மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வண்டி விஷயத்தில் வரவில்லை. அங்கேதான் கோளாறு.

ஒரு வருடம் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆனி மாதம் நின்ற வண்டி மார்கழி முடிகிற வரைக்கும் எடுக்கப்படவில்லை. டேங்கில் பாதிக்கும் குறைவாக டீசல். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. ஐப்பசி மழை முழுக்க அதன் தலையில்தான் பெய்தது. கை சரியாகி வண்டியை எடுத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. ஆறு நாளில் மகள் கல்யாணம். மகள் கட்டப்பனையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாப்பிள்ளையும் அந்த ஊர்தான், கல்யாணமும் அங்கேதான். கம்பம்மெட்டு ஏறித்தான் போக வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டியை என் கடையில் கொண்டுவந்து நிறுத்தியதும் சவரிமுத்து உள்ளே கட்டிலில் படுத்தபடியே என்னிடம் சொன்னார்:

"தம்பி, மக கல்யாணத்துல நான் ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா சனம் பொண்ணப் பாக்குமா, என்னையப் பாக்குமா? அங்கன நான் என் வண்டில போயி எறங்கணும். இல்லாட்டி இங்கனயே கெடந்து செபம் சொல்லிக்கிர்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் போகாமல் இருந்துவிடுவார் என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

அன்று அந்த அம்மா வரும்போதே கையில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில். காலையில் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து பிடித்த டீசல் அதில் இருந்தது. தேதி, மணி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். ஆஸ்பத்திரிப் பழக்கம். மேலே மஞ்சளாக டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். நான் அதை வாங்கி மேஜையில் வைத்தேன். பக்கத்தில் என் டீ கிளாஸையும் வைத்தேன். அதற்குமேல் அதை நான் பார்க்கவில்லை.

"மழைக்கு நின்ன வண்டில தண்ணி இருக்கத்தாம்மா செய்யும். ஃபில்டர மாத்தி, ஒரு பாட்டில் மருந்து ஊத்துனா எல்லாம் கரைஞ்சிரும்."

"கரைஞ்சு எங்கன போகும்ணே?"

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அன்று இல்லை. பதில் இல்லாதபோது நம் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன், சிரித்தேன்.

"டேங்க எறக்கிக் கழுவிருங்கண்ணே. வண்டியோட புத்தகத்துல வேற எதையும் கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் வாசிச்சேன்."

"அந்தப் புத்தகம் எழுதுனவன் கம்பம்மெட்டு ஏறிருக்கானாம்மா? டேங்க எறக்குனா ரெண்டு நாளு போயிரும். கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"சரிண்ணே. ஃபில்டர மட்டும் மாத்துங்க. மருந்து வேணாம்."

தெளிவாகச் சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது. ஃபில்டரை மாற்றினேன். கணவருக்குக் காபி வாங்க அந்த அம்மா எதிர்க்கடைக்குப் போனார். நான் அலமாரிக்குப் போனேன். ஒரு பாட்டில் இல்லை, இரண்டு பாட்டில் ஊற்றினேன். கல்யாண வீட்டு வண்டி அல்லவா!

இதை நீங்கள் கெட்ட எண்ணம் என்று நினைத்தால் உங்களுக்கு இந்தக் கதையால் பயனில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். நாம் செய்கிற பெரிய தப்புகளில் பாதி அப்படித்தான் நடக்கின்றன.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், வீடு திரும்பும் வழியிலிருந்து அந்த அம்மா போன் செய்தார். லட்சுமிபுரம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன், வாருங்கள் என்றார். குரலில் பதற்றமே இல்லை. நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன்.

நடந்தது இதுதான். எஞ்சின் ஒருமுறை குலுங்கியிருக்கிறது. ஃபில்டரில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்திருக்கிறது. பின்னாலிருந்து சவரிமுத்து, "வீடு கிட்டத்தான இருக்கு, ஆக்சிலேட்டர விடாம மிதிச்சுக்கிட்டே போ மேரி" என்று சொல்லியிருக்கிறார். அனுபவப்பட்ட லாரி டிரைவர். எனக்கு அந்த நேரம் போன் வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா இரண்டு பேர் அனுபவத்தையும் கேட்காமல் விளக்கு எரிந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டார். அதன்பின் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் நான் பார்த்த வண்டிக்காரர்களில், நின்ற வண்டியை "ஒரே ஒரு தடவ" என்று திருகிப் பார்க்காத ஆள் இவர் ஒருவர்தான். சாவி அவருடைய சேலை முந்தானையில் முடிந்திருந்தது.

வண்டியின் படியில் ஒரு பாட்டில் இருந்தது. இதுவும் ஊறுகாய் பாட்டில்தான். சீட்டில் மணி எழுதியிருந்தது. நான் வருவதற்குள் ஃபில்டர் அடியிலிருந்து பிடித்துவைத்திருக்கிறார். உள்ளே கோடும் இல்லை, படலமும் இல்லை. நீர்மோர் மாதிரி முழுக்கக் கலங்கியிருந்தது.

இந்த பாட்டிலை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் தனியாக இருந்தால் அடியில் தங்கும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், திருகைத் திறந்து வெளியேற்றிவிடலாம். நான் ஊற்றிய மருந்து தண்ணீரையும் டீசலையும் ஒன்றாகக் கலந்துவிடுகிற ஜாதி. இனி அது ஃபில்டரைத் தாண்டிப் போகும். இந்தக் காலத்து எஞ்சினில் பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெய்; அதில் தண்ணீர் கலந்துபோனால் இரும்பு இரும்போடு உரசும். கரைந்து எங்கே போகும் என்று கேட்டாரே, அங்கேதான்.

"என்னண்ணே இது?" என்றார்.

என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நம் தொழிலில் எல்லார் வாயிலும் எப்போதும் தயாராக இருக்கிற பதில். "பங்க்ல டீசல் சரியில்லம்மா." அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. வழியில் எந்த பங்கில் பிடித்தீர்கள் என்று கேட்க வாய் திறந்தேன். அந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்கவே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருப்பவரைப் போல பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யார் குற்றவாளி என்பது வேண்டியிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் வேண்டியிருந்தது. நான் பொய் சொன்னால் அந்தப் பொய்யை நம்பி அடுத்த காரியம் செய்வார். அதில் எஞ்சினே போய்விடும்.

"நாந்தாம்மா. நீங்க காபி வாங்கப் போனப்ப ரெண்டு பாட்டில் ஊத்திட்டேன்."

பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"அந்த பாட்டில்ல என்ன எழுதிருந்துச்சு? வாசிச்சீகளா?"

"இல்லம்மா."

"எத்தன வருசமா ஊத்துறீக?"

உள்ளேயிருந்து சவரிமுத்து குரல் கொடுத்தார். "மேரி, அந்தாள விடு. நானும் இருவத்தஞ்சு வருசம் வாசிக்காமத்தான் ஊத்துனேன்."

அடிட்டிவ் விற்கிறவருக்குப் போன் போட்டேன். தண்ணீரைத் தனியாகப் பிரிக்கிற வேறொரு மருந்து இருக்கிறது, அதையும் ஒரு பாட்டில் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"ஒரு மருந்து தப்பாப் போச்சுன்னு மாத்து மருந்து குடுத்து, அதுக்கு ஒரு மாத்து மருந்து குடுத்து, வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். வேணாம்ணே. உள்ள இருக்கறத மொத்தமா வெளிய எடுங்க."

ஒரு டிராக்டரைப் பிடித்து, இரும்புக் கம்பியில் இணைத்து, நடக்கிற வேகத்தில் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தோம். ஸ்டியரிங்கை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அன்று அதைக் கேட்க எனக்கும் வாயில்லை. சவரிமுத்து ஜன்னல் வழியாக வழியில் போகிறவர்களுக்கெல்லாம் மந்திரி மாதிரி கை காட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த இரண்டரை நாள் அந்த வண்டி என் கடையில் நின்றது. அது அவர்கள் வீடும் அல்லவா? சவரிமுத்து கட்டிலில் படுத்திருக்க, அவர் கட்டிலுக்கு நேர் கீழே நானும் என் ஃபிட்டர் பாண்டியும் டேங்கை இறக்கினோம். "ஏலே பாண்டி, மெதுவாடா, என் முதுகுல ஒண்ணும் உருவிராத" என்று மேலேயிருந்து கிண்டல் வரும். அந்த அம்மா வண்டிக்குள்ளேயே சமைத்து எங்களுக்கும் சோறு போட்டார். நான் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தேன். "சாப்புடுங்கண்ணே, பசியோட வேல பாத்தா இன்னொரு தப்பு பண்ணுவீக" என்றார். இந்த மனுஷி எந்த அச்சில் வார்க்கப்பட்டவர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டேங்கின் அடியில் ஒரு கை அள்ளுகிற அளவுக்குக் கறுப்புச் சேறு. தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் வளர்கிற பாசி அது. மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளுக்கு வரும். கழுவியபின் மூன்று முறை புது டீசல் விட்டு அலசினோம். மூன்று முறையும் ஊறுகாய் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்துத்தான் அந்த அம்மா சரி என்றார். நாசில்களைக் கழற்றிச் சோதித்தேன். பம்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. அந்த விளக்கு எரிந்தபின் இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இருந்திருக்கும். அவ்வளவையும் காப்பாற்றியது சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடி. நான் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாண்டி சாட்சி.

எல்லாம் பூட்டியபின் இன்னொரு ஆச்சரியம். அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அடிட்டிவ்!

"மருந்தே வேணாம்னீகளேம்மா?"

"அது அன்னைக்குண்ணே. என்ன நோவுன்னு பாக்காம வேணாம்னேன். பாசி இருந்தது இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? இது அந்தப் பாசிய மட்டும் கொல்றது. வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஊத்தலாம்னு கேட்டுக்கிட்டுத்தான் வாங்குனேன்."

ஊசி போடுகிற சிரிஞ்சில் அளந்து, லிட்டர் கணக்கு பார்த்து, ஊற்றி, நோட்டில் எழுதிக்கொண்டார். என் அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு அசிங்கமாகத் தெரிந்தன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கிளம்பினார்கள். "நீங்களும் வாங்கண்ணே. வழியில எதாச்சும் ஆச்சுன்னா திட்டுறதுக்கு ஆள் வேணும்ல" என்றார். போனேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் பாண்டி எலுமிச்சம்பழத்தோடு வந்து, சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஆயிற்றே என்று தயங்கி நின்றான்.

"வைங்க தம்பி. அது டேங்குக்குள்ள போகாது" என்றார் அந்த அம்மா.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வரைக்கும் நான் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் என் உயிர் போய் வந்தது. வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மேலே ஏறியதும் சவரிமுத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தலும் வயலுமாகக் கிடந்தது. "மேரி, கொஞ்சம் நிப்பாட்டு" என்றார். நின்றோம். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டேயிருந்தார். எவரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் சர்ச் வாசலில் வண்டி நின்றது. கல்யாணச் சேலையில் மகள் ஓடிவந்து வண்டிக் கதவைத் தானே திறந்தாள். பட்டு வேட்டியோடு அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கினோம். அவர் சொன்னது சரிதான். சனம் பொண்ணைத்தான் பார்த்தது. இவரை யாரும் நோயாளியாகப் பார்க்கவில்லை. பொண்ணோட அப்பாவாகத்தான் பார்த்தார்கள். கால் மணி நேரம்தான் உட்கார முடிகிற மனிதர் அன்று ஆசீர்வாதம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோட்டத்துக்கு ஜீப் விடுகிறவர். மலையாளமும் தமிழும் கலந்து, "சேட்டா, கம்பம்மெட்டு ஏறி வந்திருக்கு, ஒரு புகையும் இல்லல்லோ. எந்த மருந்து ஊத்துறீங்க?" என்று சவரிமுத்துவிடம் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வண்டிக்குள் மறுபடியும் படுக்க வைத்திருந்த சவரிமுத்து ஜன்னல் வழியாக என்னைக் கைகாட்டினார்.

"அவருகிட்ட கேளுங்க. தப்பா ஊத்தவும் தெரியும், நாந்தான் ஊத்துனேன்னு சொல்லவும் தெரியும். ரெண்டாவது தெரிஞ்ச மெக்கானிக் ஒங்க ஊர்ல இருந்தாச் சொல்லுங்க, நாங்களும் வாறோம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அலமாரியைக் காலி செய்தேன். அந்தக் கலங்கல் பாட்டிலை மட்டும் சீட்டோடு கேட்டு வாங்கி அங்கே வைத்தேன். கடையைப் பாண்டியிடம் கொடுத்துவிட்டு வந்தபோது அதையும் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, போனால் பாருங்கள்.

ஊத்தலாமா கூடாதா என்றுதானே கேட்டீர்கள்? நிற்கிற வண்டிக்கு டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், தண்ணீரை வடித்துப் பாருங்கள், புத்தகத்தை வாசியுங்கள், பாட்டிலில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு அந்த இரண்டரை நாளில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டிக்காரர் காபி வாங்கப் போகட்டும் என்று காத்திருந்து ஊற்ற வேண்டிய எதையும் ஊற்றாதீர்கள்.